நாலாவது வரியில் இருந்த நேரம்

போன ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிய ஆறு மணிக்கு அச்சகத்து அண்ணை எடுத்தார். அந்த நேரத்தில் அவர் எடுக்கிறார் என்றால் செத்தவீட்டு அலுவலாகத்தான் இருக்கும்.

“தங்கச்சி, கனடாவிலை இருந்து கதைச்சவை. அறிவித்தலிலை கிரியை எத்தினை மணிக்கு எண்டு போடேல்லையாம். நாங்கள் போட்டனாங்கள் எல்லோ?”

போட்டிருந்தோம். படுக்கையில் இருந்தபடியே என் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயர், ஊர், அதற்குக் கீழே மூன்று வரி. மூன்றாவது வரியின் முடிவில் “மு.ப. 10.00 மணிக்கு” என்று வடிவாக நின்றது. அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அவர் கனடாவில் இருந்து வந்த ஸ்கிரீன்ஷொட்டை எனக்கு அனுப்பினார். அதே பெயர், அதே ஊர், அதே மூன்று வரி. ஆனால் மூன்றாவது வரி “வியாழக்கிழமை அன்னாரின் இல்லத்தில்…” என்பதோடு நின்றுவிட்டது. நேரம் நாலாவது வரிக்குப் போயிருந்தது. நாலாவது வரியை மறைக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தவள் நான்.

அந்த வீட்டுக்காரரின் மூத்த மகன் ரொறொன்ரோவில். ரிக்கெட் கிடைக்காமல், கிரியையை நேரலையில் பார்க்கக் காத்திருந்தவர். அவருக்கு அந்த ஒரு வரிதான் தேவைப்பட்டது.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டில் இருந்து இணையத்தளங்கள் செய்துகொடுக்கிறேன். அண்ணையின் அச்சகம் நகரத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது. மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம், முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுமலர், இவைதான் அங்கே பெரும்பாலான வேலை. அச்சடிக்கும் அறிவித்தல்களை இணையத்திலும் போட வேண்டும் என்று அவர் கேட்டதால் அந்தப் பக்கத்தைச் செய்தேன். செய்து முடித்தபோது என் லப்ரொப்பிலும் என் போனிலும் பார்த்தேன், திருப்தியாக இருந்தது. வேறு எதிலும் பார்க்கவில்லை. அன்று காலை தொடக்கம் ஏறக்குறைய மூன்று கிழமை நான் இந்த ஒரு பிரச்சினையோடுதான் இருந்தேன். தமிழில் பக்கம் செய்கிற எல்லாருக்கும் இது என்றைக்காவது வந்தே தீரும் என்பதால், நடந்ததையும் கண்டுபிடித்ததையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் எழுத்துரு. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற சிஎஸ்எஸ்ஸில் நான் எழுத்துரு எதையும் குறிப்பிட்டுச் சொல்லாமல், கருவியில் இருப்பதை எடுத்துக்கொள் என்று விட்டிருந்தேன். என் அன்ட்ரொயிட் போன் நோட்டோ சான்ஸ் தமிழில் காட்டியது. ரொறொன்ரோ ஐபோன் தமிழ் சங்கம் எம்என் என்ற எழுத்துருவில் காட்டியது. அச்சகத்து விண்டோஸ் கணினியில் நிர்மலா. அதற்கும் முந்திய பழைய விண்டோஸ் கணினிகளில் லதா. நாலும் நல்ல எழுத்துருக்கள், ஆனால் ஒன்றின் அகலம் மற்றதின் அகலம் இல்லை. ‘ண’, ‘ஞ’, ‘ணை’ மாதிரி அகன்ற எழுத்துகள் வரும் வசனத்தில் இந்த வித்தியாசம் ஒரு வரிக்குள்ளேயே ஒரு சொல்லளவுக்குக் கூடிவிடும். அதோடு என் போனின் திரை 412 பிக்சல் அகலம், அவருடையது 375. வயதானவர்கள் பலர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அது இன்னொரு கணக்கு. “மூன்று வரி” என்பது ஒரு அளவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது யாருடைய மூன்று வரி?

“குரோமிலை திறந்து பாக்கச் சொல்லுங்கோ அண்ணை” என்று அன்று காலை அவசரத்தில் சொல்லியிருந்தேன். அதனால் பயன் இல்லை. அந்த ஐபோனில் இருந்த குரோமும், ஐபோனின் சொந்தப் பிரவுசரான சபாரி ஓடுகிற அதே வெப்கிட் இயந்திரத்தில்தான் ஓடியது. பெயரும் பொத்தான்களும் வேறு, வரி முறிக்கிற கை ஒன்று.

நோட்டோ சான்ஸ் தமிழை எங்கள் சேர்வரிலேயே வைத்து எல்லாருக்கும் அதையே அனுப்பினேன். திறந்த உரிமத்தில் வருவதால் அதற்குத் தடை இல்லை. பெரும்பாலான வித்தியாசம் அதோடு அடங்கியது, ஆனால் முழுக்க இல்லை. எழுத்துரு வந்து சேரும் வரை பிரவுசர் கருவியில் உள்ள எழுத்துருவில் காட்டுகிறது, வந்ததும் மாற்றுகிறது. சிக்னல் குறைந்த இடத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வரிகள் துள்ளி இடம் மாறும். அதைவிட நுணுக்கமான ஒன்றும் இருக்கிறது. குரோம் ஒரு பிக்சலை 64 கூறாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கிறது, ஃபயர்பொக்ஸ் 60 கூறாகப் பிரிக்கிறது. ஒரு தலைப்பு பெட்டிக்குள் மயிரிழையில் அடங்குகிறது என்றால், ஒன்றில் அடங்கும், மற்றதில் கடைசிச் சொல் கீழே இறங்கும். இது இரண்டு பிரவுசரின் குற்றமும் இல்லை. மயிரிழையில் அடங்கும்படி பெட்டி செய்தவரின் பிழை. எழுத்துக்கு இடம் விட்டுச் செய்ய வேண்டும்.

இனி வெட்டுகிற கதை. இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

முகப்புப் பக்கத்தில் ஒவ்வொரு அறிவித்தலும் ஒரு சின்ன அட்டையாக வரும். அட்டைக்குள் பெயர் அடங்க வேண்டும் என்று, ஜாவாஸ்கிரிப்ட்டில் இத்தனை குறிக்கு (கணினி உள்ளே எழுத்தை எண்ணுகிற அலகு) மேல் போனால் வெட்டி மூன்று புள்ளி போடு என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்துக்குச் செய்த மாதிரிப் பக்கத்தில் இருந்து அப்படியே எடுத்தது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு குறி. தமிழில் அப்படி இல்லை. “சிவசுப்பிரமணியம்” என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். நமக்குப் பத்து எழுத்து: சி, வ, சு, ப், பி, ர, ம, ணி, ய, ம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யுனிகோடில் அது பதினாறு குறி. சகரம் ஒன்று, அதன் இகரக் குறி இன்னொன்று, பகரம் ஒன்று, அதன் மேல் புள்ளி இன்னொன்று. “கொக்குவில்” ஐந்தே எழுத்து, பத்துக் குறி. சரியாக இரண்டு மடங்கு.

சிவசுப்பிரமணியத்தைப் பதினைந்தாவது குறியில் வெட்டினால் என்ன வரும்? “சிவசுப்பிரமணியம…”. மகரத்தின் மேல் இருந்த புள்ளி போய்விட்டது. வெட்டிய மிச்சம் வேறு எங்காவது காட்டப்பட்டால், அங்கே அந்தப் புள்ளி ஆதாரம் இல்லாமல் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் ஏறி நிற்கும். தமிழ்ப் பக்கங்களில் அந்தப் புள்ளி வட்டத்தைக் கண்டால் எங்கேயோ எழுத்தின் நடுவில் கத்தி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது இன்னும் மோசம். ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று சேர்த்து ஒரு விதம், ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் பிறகு காலும் என்று இரண்டு குறி சேர்த்து இன்னொரு விதம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டாவது விதத்தில் வந்த கொக்குவிலை இரண்டாவது குறியோடு வெட்டினால் கால் உதிர்ந்து “கெ…” என்று நிற்கும். ஊரே மாறிவிடும். அதனால் எந்தத் தமிழ் வசனத்தைத் தொடுவதற்கு முன்னும் நோர்மலைஸ் செய்து எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது இப்போது என் முதல் வேலை.

பேந்து, வெட்டத்தான் வேண்டும் என்றால் எழுத்து எழுத்தாக எண்ணி வெட்ட வேண்டும். அதற்கு இன்ரல் செக்மென்ரர் என்று ஒரு வசதி இப்போது பிரவுசரிலேயே இருக்கிறது. வசனத்தை அதனிடம் கொடுத்தால் ‘சி’யை ஒன்றாகவும் ‘ப்’பை ஒன்றாகவும் பிரித்துத் தரும். குரோமில் இது 2020இலேயே வந்துவிட்டது, சபாரியில் அடுத்த ஆண்டு. ஃபயர்பொக்ஸில் 2024 சித்திரையில் வந்த 125ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அச்சகத்துக் கணினியில் இருந்தது அதற்கு முந்திய ஃபயர்பொக்ஸ். நான் வீட்டில் சரிசெய்து போட்டுவிட்டு, அண்ணையிடம் பார்க்கச் சொன்னால் அவருக்குப் பட்டியலே வரவில்லை, வெறும் பக்கம். வசதி இல்லாத இடத்தில் வெட்டாமல் முழுப் பெயரையும் காட்டு என்று மாற்றி எழுதினேன். வேறு எதுவும் செய்ய இல்லாதபோது, வெட்டாமல் விடுவதுதான் மரியாதை.

செக்மென்ரருக்கும் ஒரு எல்லை உண்டு. ‘ஸ்ரீ’யையும் ‘க்ஷ’வையும் அது இரண்டாகத்தான் பிரிக்கிறது. ஸ் ஒன்று, ரீ ஒன்று. நம் கண்ணுக்கு அவை ஒரே எழுத்து வடிவம். யாழ்ப்பாணத்தில் ஸ்ரீ இல்லாத பெயர்ப் பட்டியல் உண்டா? ஸ்ரீஸ்கந்தராசா, ஸ்ரீரஞ்சனி, ஸ்ரீதரன் என்று வந்துகொண்டே இருக்கும். அந்த இரண்டையும் மட்டும் பிரிக்காமல் சேர்த்துவிட நானே நாலு வரி எழுதிக்கொண்டேன்.

பெயர் ஒருபக்கம் இருக்க, சிஎஸ்எஸ்ஸே வெட்டுகிற முறையும் உண்டு. ஒற்றை வரிக்கு, மிஞ்சுவதை வெட்டி மூன்று புள்ளி போடும் ரெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ். மைக்ரோசொஃப்ட் எக்ஸ்ப்ளோரர் 6இல் கொண்டுவந்தது, ஃபயர்பொக்ஸ் 2011இல் ஏழாம் பதிப்பில்தான் எடுத்துக்கொண்டது. தனியாக வேலை செய்யாது, மிஞ்சுவதை மறை என்ற ஓவர்ஃப்ளோ ஹிட்டனும் வரி முறியாதே என்ற நோராப் கட்டளையும் கூட வேண்டும். இந்த மூன்றையும் போட்டும் மூன்று புள்ளி வரவில்லை, பெட்டிதான் திரையைத் தாண்டி நீளுகிறது என்றால், அது அனேகமாக, உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் இருக்கும். ஃபிளெக்ஸுக்குள் இருக்கும் பிள்ளைப் பெட்டி தன் உள்ளடக்கத்தைவிடச் சிறுக்க மாட்டேன் என்று நிற்கும். அதற்குக் குறைந்தபட்ச அகலம், அதாவது மின்-விட்த், 0 என்று சொன்னால் அடங்கும். நான் இதற்கு ஒரு முழுப் பின்னேரம் செலவழித்தேன். நீங்கள் செலவழிக்க வேண்டாம்.

பல வரிக்கு, இத்தனை வரியோடு நிறுத்து என்கிற லைன்-கிளாம்ப். வெப்கிட்டின் பழைய பெட்டி முறையோடு ஒட்டிப் பிறந்தது, இன்றைக்கும் ‘-webkit-’ என்ற அந்தப் பழைய முன்னொட்டோடுதான் எல்லாரும் எழுதுகிறோம். ஃபயர்பொக்ஸும் 2019இல் 68ஆம் பதிப்பில் அதே முன்னொட்டோடேயே ஏற்றுக்கொண்டது. இதில் எனக்கு இரண்டு அடி விழுந்தது. ஒன்று, வீட்டில் சரியாக வெட்டியது சேர்வரில் ஏற்றியதும் வெட்டவே இல்லை. பக்கத்தை ஏற்றும்போது ஒட்டோபிரிஃபிக்ஸர் என்ற கருவி, பெட்டி செங்குத்து என்று சொல்கிற வரியைப் பழையது என்று நினைத்துக் களைந்துவிட்டது. அந்த வரி போனால் லைன்-கிளாம்ப்புக்கு உயிர் இல்லை. இரண்டு, அதே பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் பாடிங் என்கிற உள் இடைவெளி கொடுத்திருந்தேன். மறைந்திருக்க வேண்டிய நாலாவது வரியின் தலைகள் அந்த இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தன. பாடிங்கை வெளிப்பெட்டிக்கு மாற்றினேன்.

வரி உயரத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பக்கங்களில் எழுத்தின் அளவைப் போல 1.2 மடங்கு என்று இருக்கும். தமிழில் ‘கீ’, ‘வீ’ என்பவற்றின் சுழி மேலே போகும், ‘கூ’, ‘மூ’, ‘ழூ’ கீழே இறங்கும். ஓவர்ஃப்ளோ ஹிட்டனும் சேர்ந்தால் சுழி அரைவாசியில் அறுந்து, ஈகாரம் இகரம் போலத் தெரியும். நான் 1.7 வைத்திருக்கிறேன். இடம் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு, ஒரு நாள் அச்சகத்தில் இருந்து அந்தக் கணினியிலேயே பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு ஐயா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இருந்து அச்சு வேலையில் நிற்கிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“பிள்ளை, உந்த அம்மாவை ஏன் ஆம்பிளையாக்கி வைச்சிருக்கிறாய்?”

பட்டியலில் முதல் கொலம் (நெடுவரிசை) ஒடுக்கமானது. அதில் “திரு” என்று ஒரு வரி, அடுத்த வரியில் “மதி”. நீளமான சொற்கள் பெட்டியை உடைத்துக்கொண்டு போகாமல் இருக்க, எங்கே வேண்டுமானாலும் முறி என்கிற பிறேக்-ஓல் கட்டளையைக் கொடுத்திருந்தேன். அது எங்கே வேண்டுமானாலும் முறித்திருந்தது. கீழே இன்னொரு பெயர் “சிவசு” என்று முடிந்து, அடுத்த வரி “ப்பிரமணியம்” என்று தொடங்கியது.

ஐயா அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். “ஒற்றெழுத்தை வரித் தொடக்கத்திலை விடக் கூடாது. நாங்கள் கோக்கேக்கை அப்பிடி விட்டா புரூவ் பாக்கிறவர் பேசுவார். ஒற்று முன்னெழுத்தோடை தான் இருக்கும். முறிக்கிறதெண்டா ஒற்றுக்குப் பிறகு முறி.”

எனக்கு அந்தக் கணம் விளங்கியது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழில் சொல் தொடங்காது. வரி தொடங்கினாலும் கண் இடறும், வாய் தடுமாறும். ஏட்டில் எழுதியவர்கள் புள்ளியே வைக்காமல், துளை வந்த இடத்திலும் ஓரம் முடிந்த இடத்திலும் முறித்துக்கொண்டு போனார்கள், வாசிக்கிறவர் நிரப்பிக்கொண்டார். அச்சு வந்த பிறகு, அச்சுக் கோத்தவர்கள்தான் இந்த வழக்கத்தைக் கை வழியே காப்பாற்றி வந்திருக்கிறார்கள். பிரவுசருக்கு அது தெரியாது. பிறேக்-ஓல் ‘ப’வையும் அதன் புள்ளியையும் பிரிக்காது, அவ்வளவு தெரியும். ஆனால் ‘சு’வுக்கும் ‘ப்’புக்கும் நடுவில் தாராளமாக முறிக்கும். தமிழ் இடைவெளி விட்டு எழுதும் மொழி என்பதால், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் சொல்லுக்குள் முறிக்காது. முறி என்றால் கண்டபடி முறிக்கும். நடுவில் ஒன்றும் இல்லை.

நடுவில் உள்ளதை நாங்கள்தான் செய்ய வேண்டும். பிறேக்-ஓலை எடுத்துவிட்டு, ஓவர்ஃப்ளோ-ராப் எனிவெயர் போட்டேன். அது சொல் முழுவதும் அடுத்த வரிக்குப் போய்ப் பார்க்கும், அங்கேயும் கொள்ளாவிட்டால் மட்டும் முறிக்கும். சபாரி இதை 2022இல் வந்த 15.4இல் இருந்துதான் புரிந்துகொள்கிறது, அதனால் பழைய பிறேக்-வேர்ட் கட்டளையையும் மேலே எழுதி வைத்தேன். “திருமதி” அதோடு சரியாகவில்லை, ஏனென்றால் எனிவெயர் போட்டால் அட்டவணை அந்தச் சொல் ஓர் எழுத்தளவுக்கும் சிறுக்கலாம் என்று கணக்குப் பார்த்து கொலத்தை ஒடுக்கிவிடுகிறது. அந்தக் கொலத்துக்கு முறியாதே என்று தனியாகச் சொன்னேன்.

நீண்ட சொற்களுக்கு ஐயாவின் விதியையே எழுதினேன். ஆறு எழுத்துக்கு மேற்பட்ட சொல்லில், ஒற்றுக்குப் பிறகு, இரண்டு பக்கமும் குறைந்தது மூன்று எழுத்து மிஞ்சும் இடத்தில், இங்கே முறிக்கலாம் என்று ஒரு அடையாளம். அடுத்த எழுத்தும் ஒற்று என்றால் அதையும் கடந்துதான். ‘க்ஷ’விலும் ‘ஸ்ரீ’யிலும் தொடாதே. அவ்வளவுதான். “சிவசுப்-பிரமணியம்”, “பிறப்-பிடமாகவும்”, “யாழ்ப்-பாணத்தை”. ஐயாவிடம் ஒரு கடதாசியில் முப்பது சொல் எழுதிக் கொடுத்து எங்கே முறிப்பார் என்று கோடு போடச் சொன்னேன். “கோம்பயன்மணல்” என்று எழுதியதற்கு “கோம்பயன்” கழிந்து கோடு போட்டார். என் நிரலும் அங்கேதான் முறித்தது. அந்த மயானத்தின் பெயர் எங்கள் அறிவித்தல்களில் வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும்.

அடையாளத்துக்கு மென்கோடு என்கிற சொஃப்ட் ஹைஃபன் போடலாம். ஆனால் முறிந்த இடத்தில் அது ஒரு சிறு கோட்டைக் காட்டும், நம் பத்திரிகைகள் அப்படிக் கோடு போட்டு முறிப்பதில்லை. அதோடு அது எழுத்துகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் ஒரு குறி. யாராவது பெயரைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் போட்டால் அதுவும் கூடப் போகும். நான் டபிள்யூபிஆர் என்ற எச்ரிஎம்எல் அடையாளத்தை எடுத்தேன். முறிந்தாலும் கோடு இல்லை, தரவுத்தளத்தில் இருக்கும் பெயருக்குள் ஒன்றும் கலப்பதில்லை. பக்கம் உருவாகும்போது மட்டும் சேருகிறது.

முறியக் கூடாத இடங்களும் உண்டு. “மு.ப.” ஒரு வரியிலும் “10.00” அடுத்த வரியிலும் நின்றால் ஆட்கள் பி.ப. என்று எடுத்துவிடக் கூடும். பெயரின் முதலெழுத்து ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியிலும் நிற்கும். தொலைபேசி இலக்கம் நடுவில் பிரியும். இந்த இடங்களில் சாதாரண இடைவெளிக்குப் பதில் முறியா இடைவெளி வைத்தேன். எதிர்மாறாக, “யாழ்.கொக்குவில்கிழக்கை” என்று இடைவெளியே விடாமல் எழுதிக் கொடுப்பார்கள். முற்றுப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி இல்லாவிட்டால் பிரவுசர் அதை ஒரே சொல்லாகத்தான் பார்க்கும். அதைக் கணினியிடம் விடாமல், ஏற்றும்போது நாங்களே இடைவெளி போடுகிறோம்.

தலைப்பில் பெயர் இரண்டு வரிக்குப் போனால், கடைசிச் சொல் தனியே கீழே தொங்காமல் இரண்டு வரியும் சமமாக நிற்க ரெக்ஸ்ட்-ராப் பலன்ஸ் போட்டிருக்கிறேன். குரோமில் 2023இல் வந்தது, ஃபயர்பொக்ஸிலும் சபாரியிலும் அதற்குப் பின்னால். தெரியாத பிரவுசர் பழையபடி காட்டும், நட்டம் இல்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் செய்த பெரிய மாற்றம் நிரலில் இல்லை. நேரத்தையும் இடத்தையும் அந்த மூன்று வரிப் பெட்டியில் இருந்து வெளியே எடுத்தேன். இப்போது பெயர் முழுதாக, எத்தனை வரி போனாலும் முழுதாக. அடுத்து கிரியை நடக்கும் நாள், நேரம், இடம், தகனம் எங்கே என்பது, தனித்தனி வரியில். “அன்னார் காலஞ்சென்ற… அவர்களின் அன்பு மகனும்” என்று தொடங்கும் உறவுமுறைப் பகுதி மட்டும்தான் சுருங்கும், அதைத் தொட்டால் முழுவதும் விரியும். வீட்டாருக்கு அந்தப் பகுதியும் சின்ன விஷயம் இல்லை. அதில் ஒரு மருமகனின் பெயர் விட்டுப்போனால் வருசக்கணக்காகக் கதை இருக்கும். அதனால்தான் வெட்டாமல், விரியும்படி வைத்தேன். அண்ணைக்கு முதலில் மனம் வரவில்லை, முகப்பில் அட்டைகள் எல்லாம் ஒரே உயரமாக இருந்தால்தான் வடிவு என்றார். ரொறொன்ரோ ஸ்கிரீன்ஷொட்டை எடுத்துக் காட்டினேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். போன கிழமை பழைய அறிவித்தல்களைப் புதுப் பக்கத்துக்கு மாற்றத் தொடங்கியபோது இன்னொன்று வந்தது.

நான் வருவதற்கு முன்னால் வேறொருவர் செய்து வைத்த பழைய பக்கம் ஒன்று அச்சகத்துக்கு இருந்தது. அதில் எல்லாம் பாமினி, யுனிகோடுக்கு முந்திய முறையில் செய்த எழுத்துரு. அச்சகத்தில் இன்றைக்கும் பக்கம் அமைப்பது பாமினியில்தான், அதையே அப்படியே பக்கத்தில் ஒட்டி, எழுத்துருவையும் கூட அனுப்பியிருந்தார்கள். பாமினியில் தமிழ் எழுத்து என்பது உடுப்பு மட்டும். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். ‘மா’ என்பது இரண்டு ஆங்கில எழுத்து. அங்கே பிறேக்-ஓல் இருந்தால் மகரம் ஒரு வரியிலும் கால் மட்டும் அடுத்த வரியிலும் போய் நிற்கும். புள்ளி மட்டும் தப்பிவிடும், ஏனென்றால் பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளி விசை, அரைப்புள்ளிக்கு முன்னால் பிரவுசர் முறிக்காது.

அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது ‘ஈ’. பாமினியில் ‘ஈ’ எழுத, இடப்பக்கம் கூராக இருக்கும் கோண அடைப்பு விசையை அடிக்க வேண்டும். எச்ரிஎம்எல்லில் அதே குறிதான் ஒரு கட்டளையின் தொடக்கம். பிரவுசர் ‘ஈ’யைக் கண்டதும் கட்டளை தொடங்குகிறது என்று நினைத்து, அடைப்பு மூடும் குறி வரும்வரை உள்ளதை எல்லாம் திரையில் காட்டாமல் விழுங்கிவிடும். பாமினியில் அந்த மூடும் குறி எது தெரியுமா? காற்புள்ளி.

எங்கள் அறிவித்தல் எப்படித் தொடங்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட. ஈவினையில் பிறந்த ஒருவரின் அறிவித்தலில் ‘ஈ’யில் இருந்து “பிறப்பிடமாகவும்,” என்ற காற்புள்ளி வரை சுத்தமாகக் காணாமல் போயிருந்தது. முன்னால் “யாழ்.”, பின்னால் “கொக்குவிலை வதிவிடமாகவும் கொண்ட”. வசனம் அழகாக ஒட்டிக்கொண்டது. பிழை என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. எந்தப் பிரவுசரில் பார்த்தாலும் அந்த ஊர் ஒரே மாதிரிக் காணாமல்தான் போயிருந்தது.

தரவுத்தளத்தில் எல்லாம் பத்திரமாக இருந்தது. யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ‘ஈ’யில் தொடங்கும் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, பழைய பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஈச்சமோட்டை நேற்றுவரை மூன்று. ஈவினை இரண்டு. முதலாவது ஈவினைக்காரரின் மகள் கொக்குவிலில் இருக்கிறார் என்று அண்ணை சொன்னார். நேற்றுப் பின்னேரம் அவரோடு கதைத்து, திருத்திய பக்கத்தை அனுப்பிவைத்தேன். அவர் அதைத் திறந்து, அப்பாவின் ஊரை எனக்குப் போனிலேயே வாசித்துக் காட்டினார்.